எஸ்ஸுக்கு அப்புறம் கிழிந்தது

மார்த்தாண்டம் ஆக்கர் கடையில் பழைய நர்சிங் கைடு வாங்கப் போனேன்.
கிலோ பதினெட்டு ரூபாய். எடை சரியாக வர
கடைக்காரன் மேலே ஒரு புத்தகத்தை எறிந்தான்.
அட்டையில் ஒரு வீடு, மாடி ஜன்னலில் ஒரு கை.
பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கான பேய்க்கதை.
எனக்கு இருபத்தேழு.

கடினமான சொல்லெல்லாம் தடித்த எழுத்தில்.
அர்த்தம் கடைசிப் பக்கங்களில், ஏ முதல் வரிசையாக.
ஆர் முடிகிற இடத்தில் கிழித்திருந்தார்கள்.
யாரோ உள்ளிவடை மடித்திருக்க வேண்டும்
எஸ் முதல் இசட் வரைக்குமான பயத்தில்.

அருமனையில் எங்களுக்கு இருநூற்றுப் பத்து மூடு ரப்பர்.
மூன்று மணிக்கு நெற்றியில் லைட் கட்டி வெட்டப் போவேன்.
மூட்டுக்கு ஒரு சொல்.
பட்டையைச் சீவும்போது சொல்,
சிரட்டையை நிமிர்த்தும்போது அர்த்தம்.
முதல் மரம் அபிஸ்: அடி தெரியாத பள்ளம்.
நாற்பதாவது கடாவரஸ்: பிணம்போல் வெளிறிய.
நூற்றிரண்டு மலெவலன்ட்: கெடுதல் நினைக்கிற.
அந்த மரத்தில்தான் பால் அதிகம், பாவம்.

கதைக்குள் ஒரு பையன் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.
அவன் கையில் டார்ச், என் நெற்றியில் லைட்.
அவன் திரும்பிப் பார்த்த இடத்திலெல்லாம் நானும் திரும்பினேன்.
ஒருநாள் ஒரு மரநாய் குறுக்கே பாய,
கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்,
ஓடும்போதும் வாய் விடாமல்
ஓமினஸ், ஓமினஸ் என்று.

எஸ்ஸுக்கு அப்புறம் ஊகம்தான்.
படிக்கட்டில் விஸ்கஸாய் இறங்கியது ரத்தம்.
இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்,
தினமும் என் விரலிடுக்கில் காய்கிறது அது.
ஆனால் டிரெப்பிடேஷன் ஒரு ரயில் நிறுத்தம் என்றே இருந்தேன்.
அவன் டிரெப்பிடேஷனில் நின்றான் என்றுதானே போட்டிருந்தது?
இரண்டு மாதம் அந்த ஸ்டேஷனில் நின்றான்.
ஒரு வண்டியும் வரவில்லை.
பிறகு தம்பி லிஜோ போனில் தேடிச் சொன்னான்:
‘பேடி.’
அப்போ டிமரஸ்?
‘அதும் பேடிதான், போய்ப் படு.’

பேடிக்கு இத்தனை அறைகள் உண்டென்று
எனக்குத் தெரியாது.
ஏஜென்சிக்காரன் இரண்டாம் தவணை கேட்டு அழைக்கும்போது வருவது ஒன்று.
மழை பிடித்து ஐந்து நாள் வெட்டில்லாமல் போவது வேறொன்று.
ஸ்கேன் கவரைப் பிரிக்காமலே
அம்மா துணிகளுக்கு அடியில் வைத்தாளே, அதற்குச் சொல்
ஒருவேளை டபிள்யூவில் இருந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் ஸ்பீக்கிங் டெஸ்ட்.
‘உன் வீட்டைப் பற்றிச் சொல்’ என்றார் மேடம்.
மலையடிவாரம், என்றேன். பனி. ஓமினஸ்.
விடியுமுன் மரங்களிலிருந்து வெள்ளையாய் ஒன்று வழியும், விஸ்கஸ்.
ஆசிட் ஊற்றி அதை உறைய வைப்போம்.
உருளையில் நசுக்கி, தோல்தோலாய்க் கொடியில் தொங்கவிடுவோம்.
ஃபெடிட் நாற்றம் ஒன்று எப்போதும் இருக்கும்.
புகைப்புரைக்குள் எல்லாம் கடாவரஸ் மஞ்சள்.
வாசலில் அம்மா நின்றுகொண்டிருப்பாள்,
ஒன்றும் பேசாமல்.

மேடத்தின் பேனா நின்றது.
‘அங்கே நீ பத்திரமாக இருக்கிறாயா?’

சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நல்ல சொல்லாக ஒன்று வேண்டும், ஏழு மார்க்குக்கு ஏற்ற மாதிரி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும்
அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கவில்லை.
‘யெஸ்’ என்றேன்.
அது எஸ் வரிசை இல்லை என்று
பஸ்ஸில் களியக்காவிளை தாண்டும்போது சிரிப்பு வந்தது.

ஆறரை. ஏழு வேண்டும்.
திங்கட்கிழமை மறுபடி வெட்டு.
மழை விட்ட இருட்டில் நூற்றிரண்டாம் மரத்தை எட்டியபோது
சிரட்டை நிறைந்து
மண்ணில் வழிந்துகொண்டிருந்தது.